இரண்டு வேன் தன்னார்வலர்கள்

“பின்பக்கக் கதவைத் திறந்து வைக்கணும் சார்.”

இந்த ஒன்றை மட்டும் முதலாளியிடம் கேட்கவே கூடாது என்று அம்மா என்னிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். “லீவு கேளு, அட்வான்ஸ் கேளு, அவுக உக்கார்ற சேரையே கூடக் கேளு. கதவுன்னு மட்டும் வாயைத் தெறக்காத. ஒங்கப்பன் தெறந்து என்னாச்சுன்னு தெரியும்ல?”

தெரியும். அப்பா நாகையா, முதலாளி மணிகண்டராஜின் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். ஒரு சீசனில், லோடு ஏற்ற வேண்டிய பெட்டிகளை ஷெட்டின் ஒரு கதவை மறித்து அடுக்கிவிட்டார்கள். “பெட்டிய நகத்துனாத்தான் உள்ள உக்காருவேன்” என்றார் அப்பா. யாரும் அவரைத் திட்டவில்லை. பெட்டியைக்கூட நகர்த்தினார்கள். மறுநாள் காலை திருத்தங்கல் விலக்கில், சாலை பிரியும் இடத்தில், அவர் தூக்குச்சட்டியோடு நின்றபோது, கம்பெனி வேன் நிற்காமல் போனது. ஊர் நிறைய அச்சகம் இருந்தும், எங்கள் பக்கம் வேலையை விட்டு நிறுத்துவதற்கு ஒரு துண்டுத் தாள் செலவழிப்பதில்லை. வேன் நிற்காது, அவ்வளவுதான். அடுத்த வாரம் மற்ற கம்பெனி வேன்களும் நிற்கவில்லை. அப்பா விருதுநகருக்கு வத்தல் மூட்டை தூக்கப் போனார். இன்னும் தூக்குகிறார்.

அதே மணிகண்டராஜ்தான் நான் படித்த பொறியியல் கல்லூரியின் தாளாளரும். ஆலையில் மொதலாளி, கல்லூரியில் கரஸ்பாண்டண்ட் சார். அம்மாவுக்கும் ஆலையில் அவர்தான் படியளந்தார், எனக்கும் அவர்தான் பாடம் நடத்த இடம் கொடுத்தார். எங்கள் தெருவில் முதன்முதலாக டிகிரி வாங்கிய மாரிசெல்வியாகிய நான், அங்கே தற்காலிக விரிவுரையாளர். தற்காலிகத்தை எடுத்துவிட்டு நிரந்தரம் என்று அடித்த ஆர்டர் அவருடைய மேசையில் இருந்தது. “ரோபோ போட்டி நல்லபடியா முடியட்டும்மா, மறுவேலை நாள் கையெழுத்துப் போட்டுருவோம்” என்று அவர் வாயாலேயே சொல்லியிருந்தார். சொன்ன மனிதரிடம் போட்டிக்கு முந்தின நாள் போய்க் கதவைத் திறக்கச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்படுகிற முதலாளிகளைச் சமாளித்துவிடலாம்.

“தெறந்து வச்சா ஏசி போயிரும்மா. மெட்ராஸ்லருந்து சீப் கெஸ்ட்டா வாற மனுசன் வேர்த்து வடிஞ்சா நம்ம காலேஜுக்குத்தான கெட்ட பேரு?”

“தன்னார்வலர்கள் எல்லாரும் பின்னாடிதான் நிப்பாங்க சார். பேட்டரி மேசையும் அங்கதான் இருக்கு. முன் வாசலுக்கு வரணும்னா முழு அரங்கத்தையும் தாண்டணும். பூட்டாமலாவது வைக்கச் சொல்லுங்க.”

“பாப்போம்மா” என்றார். எங்கள் ஊரில் ‘பார்ப்போம்’ என்றால் கண்ணை மூடிக்கொள்வது.

தன்னார்வலர்கள் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 2007 கார்த்திகை மாதம். சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எங்கள் கல்லூரியில் முதன்முறையாக ரோபோ போட்டி. தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டின் மேலேயே ஓடும் வண்டி, பந்தைத் தள்ளிப்போய் வலைக்குள் போடும் வண்டி, இரண்டு பிரிவு. விதி எழுதியது நான், தளம் வரைந்தது நான். போட்டி என்றால் வண்டிகள் மட்டும் போதாது. நேரம் பார்க்க ஆள் வேண்டும், பிள்ளைகளை வரிசையில் அனுப்ப ஆள் வேண்டும், பேட்டரி சார்ஜ் போடும் மேசையில் ஆள் வேண்டும், தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் வாசலுக்கும் ஆள் வேண்டும். எங்கள் மாணவர்களுக்கோ அந்த வாரம் முழுக்கப் பல்கலைக்கழகத் தேர்வு. கூப்பிட்டவனெல்லாம் கும்பிட்டுவிட்டு ஓடினான். கரஸ்பாண்டண்டின் மகள் ஹர்ஷினியும் அவள் தோழிகளும் மட்டும் வருவதாகச் சொன்னார்கள். முன் வாசலில் பட்டுச்சேலை கட்டிச் சந்தனம், கல்கண்டு கொடுக்க.

“தேதியைத் தள்ளி வைக்கலாமா சார்?” என்று கேட்டார் எங்கள் துறைத் தலைவர் ஞானசுந்தரி மேடம். அவருக்குக் கரஸ்பாண்டண்ட் முன்னால் குரல் பாதிதான் வெளியே வரும்.

“மெட்ராஸ்காரர் தேதி குடுத்துட்டாரு. ஆளுதான வேணும்? எம்புட்டுப் பேரு?”

நாற்பது என்றேன். அவர் போனை எடுத்து ஆலை ஃபோர்மேன் வேலுச்சாமியைக் கூப்பிட்டார்.

“வேலு, ரெண்டு வேன் ஆளு காலேஜுக்கு அனுப்பு. பொம்பளையாளா அனுப்புப்பா, சொன்ன பேச்சுக் கேக்கும்.”

“சார், தன்னார்வலர்னா அவங்களா விரும்பி வரணும்” என்றேன்.

அவர் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: “விரும்பித்தாம்மா வருவாக. திங்கக்கெழம கம்பெனி தெறக்குதுல்ல?”

தீபாவளி முடிந்து மூடிக் கிடந்த ஆலை அந்தத் திங்கட்கிழமைதான் திறக்க இருந்தது. எந்த நிறுத்தத்தில் வேன் நிற்கும், எதில் நிற்காது என்பது வேலுச்சாமியின் கையில். விருப்பத்துக்கு என்ன குறைச்சல்?

வெள்ளிக்கிழமை மதியம் பயிற்சிக்கு இரண்டு வேனும் வந்து நின்றன. இறங்கியவர்களில் என் அம்மா அய்யம்மாளும் இருந்தாள். வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அரங்க வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டார்கள்; செருப்போடு ஷெட்டுக்குள் போய்ப் பழக்கமில்லை. ஆளுக்கொரு மஞ்சள் டீ-சர்ட் கொடுத்தேன். சேலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார்கள்.

“முதுகுல என்னத்தா எழுதிருக்கு?” என்றாள் சண்முகத்தாய். அம்மாவோடு ஒரே ஷெட்டில் வேலை பார்க்கிறவள். அவள் வாய்க்குப் பயந்து வேலுச்சாமியே கொஞ்சம் தள்ளித்தான் நிற்பான்.

“தன்னார்வலர்னு இங்கிலீஷ்ல எழுதிருக்கு.”

“அப்படின்னா?”

“சம்பளம் வாங்காம, நாமளா ஆசப்பட்டுச் செய்யிற வேலை.”

“அடியாத்தே! அப்ப கல்யாணம் முடிச்ச நாள்லருந்து நான் இதத்தான் பாக்கேனா? ஒருத்தரும் சட்டை தரலையே!”

வேலுச்சாமி அதட்டினான். “ஏ, சிரிக்காம மேடம் சொல்றதக் கேளுங்க. அய்யம்மா, ஒனக்குந்தான். மக வீட்டுலதான், இங்கன மேடம்.”

“சரிங்க மேடம்” என்றாள் அம்மா. டீ-சர்ட்டின் கழுத்தைச் சரி செய்கிற சாக்கில் என் காதருகே வந்து, “ஆர்டர் கைக்கு வாற வரைக்கும் வாயப் பொத்திக்கிட்டு இரு” என்றாள். நான் அன்று காலையிலேயே கதவைக் கேட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை போட்டி. பயிற்சியில் நான் சொன்னது பாதி, அவர்களுக்கு ஆலையில் பழகியது பாதி என்று நாள் தொடங்கியது.

முன் வாசலில் ஹர்ஷினி சந்தனக் கிண்ணத்தை நீட்டுவதற்கு முன்பே, அதற்கு ஐந்தடி முன்னால் நின்ற எங்கள் தன்னார்வலர்கள் வந்தவர்களை நிறுத்திச் சோதனை போட்டார்கள். தீப்பெட்டி, பீடி, செல்போன், எல்லாவற்றையும் வாங்கிக் கூடையில் போட்டார்கள். ஆலை வாசலில் தினமும் நடப்பது இது. வாசலில் நில்லுங்கள் என்று சொன்னேனே தவிர, சோதனை போடாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. சென்னை மென்பொருள் கம்பெனியிலிருந்து வந்த சிறப்பு விருந்தினரிடமும் கையை நீட்டினாள் சண்முகத்தாய்.

“செல்லக் குடுங்க அய்யா. போகையில வாங்கிக்கிடலாம்.”

அவர் கொடுத்தார். மேடையேறியதும் மைக்கைப் பிடித்து, “பெரிய கம்பெனிகள்ல கூட இவ்வளவு ஒழுக்கமான பாதுகாப்பை நான் பார்த்ததில்லை” என்றார். கரஸ்பாண்டண்ட் எழுந்து கும்பிட்டார். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

பயிற்சி அறையில் இன்னொரு கூத்து. அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு பள்ளி ஆறு பிள்ளைகளோடு வந்திருந்தது. கதவருகே நின்ற தன்னார்வலர் நாலு பேரை உள்ளே விட்டுவிட்டு, மிச்சம் இரண்டு பேரை வெளியே நிறுத்திவிட்டார். பட்டாசு ஆலைச் சட்டப்படி அறைக்கு நாலு பேர்தான், அதற்கு மேல் ஆள் ஏறக் கூடாது. ஞானசுந்தரி மேடம் ஓடி வந்து, “இது பட்டாசு ரூம் இல்லம்மா, ரோபோ ரூம்” என்று கெஞ்சினார்.

“எந்த ரூமுன்னாலும் நாலுதான் மேடம். ஆய்வுக்கு வந்து பாத்தாகன்னா மொதலாளிக்குத்தான் கேசு.”

சீசனில் ஆலை ஷெட்டில் எட்டுப் பேர் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள்தான். கல்லூரி என்பதால் சட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றினார்கள் போலிருக்கிறது.

நான் கோபப்பட்டேன் என்று நினைக்க வேண்டாம். சிரித்தேன். காலை நேரம் உண்மையிலேயே நன்றாகப் போனது. வண்டிகள் கோட்டை விட்டு விலகி நாற்காலிக்கடியில் போய் முட்டின. ஜெயித்த பிள்ளைகள் தோற்ற பிள்ளைகளைப் பார்த்து நாக்கை நீட்டின. அம்மா பேட்டரி மேசையில் நின்று, எந்த பேட்டரி எந்தப் பள்ளி என்று அடையாளத்துக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை என்னைப் பார்த்து, வாயசைத்து, “சாப்பிட்டீகளா மேடம்?” என்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் அந்தக் கதவு. பூட்டித்தான் இருந்தது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாட்ச்மேன் ஆண்டிச்சாமி, சிறப்பு விருந்தினர் காரை நிழலில் நிறுத்தப் போயிருந்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வாசலில் நின்றவர்களும் பின்பக்கம் வந்து சேர்ந்திருந்த நேரத்தில், ஒரு மாணவி அவசரத்தில் பேட்டரி வயர்களைத் தலைகீழாக மாற்றிச் செருகிவிட்டாள். எலெக்ட்ரானிக்ஸ் படித்த எவருக்கும் தெரியும், என்ன ஆகும் என்று. போர்டில் இருக்கிற கெப்பாசிட்டர், சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும், தலை பிய்ந்து வெடிக்கும். ‘டப்’ என்று ஒரு சத்தம், ஒரு பொட்டு வெளிச்சம், ஊதுபத்தி அளவுக்குப் புகை. வேறு ஒன்றும் இல்லை.

சுற்றி நின்ற பிள்ளைகள் ‘ஓ’ என்று கத்திச் சிரித்தார்கள். சென்னைக்காரரும் சிரித்தார்.

சிரிக்காதவர்கள் மஞ்சள் டீ-சர்ட்காரர்கள் மட்டும். அவர்கள் அங்கே இல்லை. சத்தம் என் காதில் விழுந்து முடிவதற்குள் மேசையை விட்டு, நூலை விட்டு, தண்ணீர்க் குடத்தை விட்டு எல்லோரும் கதவில் போய் மோதியிருந்தார்கள். யாரும் கத்தவில்லை. ஆலையில் கத்த நேரமிருக்காது. இரண்டு கையாலும் கதவைத் தள்ளினார்கள். பட்டாசு ஷெட்டுக் கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்கும், தள்ளினால் போதும். அது அவர்கள் கைக்குத் தெரிந்த விஷயம். எங்கள் அரங்கத்துக் கதவோ உள்பக்கமாக இழுத்துத் திறக்கும் கதவு. தேக்கு. அதற்கு மேல் ஒரு பூட்டு.

சத்தம் கேட்டு ஆண்டிச்சாமி கதவின் வெளிப்பக்கம் ஓடி வந்து பூட்டைத் திறந்துவிட்டார். திறந்தும் கதவு அசையவில்லை. உள்ளே அத்தனை பேரும் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

“இழுங்க! இழுங்கத்தா! தள்ளாதீக!” என்று அவர் வெளியிலிருந்து கத்தினார்.

உள்ளே யார் காதிலும் அது ஏறவில்லை. எல்லோருக்கும் முன்னால், கதவோடு கதவாக, என் அம்மா. அவள் வலது கை தாழ்ப்பாளில் மாட்டியிருந்தது. நான் பின்னாலிருந்து ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்து இழுத்தேன். சண்முகத்தாய் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் நான் யாரென்றே அவளுக்குத் தெரியவில்லை. கதவு ஒருவழியாகத் திறந்தபோது புகை எப்போதோ போயிருந்தது. ஏசியும் போனது.

பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். மேடையில் சென்னைக்காரர் பக்கத்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கரஸ்பாண்டண்டுக்குப் போட்ட பொன்னாடை மட்டும் இருந்தது. கீழே ஒற்றைச் செருப்பு. மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு கதவு உண்டு. அது அவருக்கானது, பூட்டுவதில்லை. மணிகண்டராஜ் தன் காருக்குப் பக்கத்தில் ஒரு காலில் செருப்போடு நின்றதாக ஆண்டிச்சாமி பிறகு சொன்னார். தன்னார்வலர்கள் கதவில் மோதுவதற்கு முன்பே அவர் வெளியே போயிருந்தார். அந்த அரங்கத்தில் ‘டப்’ சத்தத்துக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் இரண்டு வேன் பெண்களும் அவரும் மட்டும்தான்.

ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். தலை வாரியிருந்தார். மைக்கைப் பிடித்து, “நம்ம தாய்மார்கள் கொஞ்சம் பதறிட்டாங்க. அறிவியலைக் கண்டு அஞ்சக் கூடாதுங்கிறதுதான் இந்தப் போட்டியோட நோக்கமே” என்றார். இதற்கும் கைதட்டல் கிடைத்தது. ஹர்ஷினி யாருக்கும் தெரியாமல் மேடையோரம் வந்து, அந்த ஒற்றைச் செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீங்கிய மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். எலும்பு முறியவில்லை, பிசகுதான். அன்று முழுக்க அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

“நீ கதவைக் கேட்டியா?”

“கேட்டேன்.”

“எப்ப?”

“வெள்ளிக்கெழம காலைல. நீங்க வாறதுக்கு முன்னாடி.”

அப்பா மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “கேட்டும் பூட்டுனானா?” என்றார். “எனக்காவது பெட்டிய நகத்துனான்.” சோற்றைப் பிசைந்தார்.

திங்கட்கிழமை காலை கட்டுப் போட்ட கையோடு அம்மா வேலைக்குக் கிளம்பினாள். “கையா முக்கியம்? தெறக்குற அன்னைக்குப் போயி நிக்கலைன்னா எடம் போயிரும்.” நானும் கல்லூரிக்குப் போக வேண்டும். சேர்ந்தே விலக்குக்கு நடந்தோம். சண்முகத்தாயும், இன்னும் எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் தூக்குச்சட்டியோடு நின்றார்கள்.

வேன் வந்தது. வேலுச்சாமி முன் சீட்டில் இருந்தான். எங்கள் பக்கம் திரும்பாமல், எதிர்ப் பக்கத்து டீக்கடையையே பார்த்துக்கொண்டு போனான். வேன் நிற்கவில்லை.

முகத்தில் அடித்த புழுதியைத் துடைத்துக்கொண்டோம்.

“ஓட்டப் பந்தயத்துல நாமதான மொதல்ல போயிச் சேந்தோம்?” என்றாள் சண்முகத்தாய். “பரிசு குடுத்துட்டாக.”

“மொதல்ல போனது மொதலாளி” என்றாள் அம்மா.

அங்கே நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நடுரோட்டில், வேலை போன பெண்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சிரித்து முடித்ததும் அம்மா என்னிடம், “இன்னைக்குத் திங்கக்கெழமதான? விருதுநகர் கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாகள்ல?” என்றாள்.

“வாங்குவாங்க.”

“கதவு வெசயத்தை எழுதத் தெரியுமா ஒனக்கு? சீசன்ல பெட்டி அடுக்குறது, எட்டுப் பேர் உக்கார்றது, எல்லாம் வரணும்.”

“தெரியும்.”

“அப்ப இந்தச் சோத்த விருதுநகர்ல வச்சுத் தின்போம்” என்று தூக்குச்சட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு ஏதோ நினைத்து, “ஒன் ஆர்டரு?” என்றாள்.

“போற வழியிலதான காலேஜு. எறங்கிச் சொல்லிட்டு வந்துர்றேன். அடுத்த பஸ்ல சேந்து போவோம்.”

கரஸ்பாண்டண்ட் அறையில் எனக்கு நாற்காலி காட்டினார்கள். இதற்கு முன் காட்டியதில்லை. ஞானசுந்தரி மேடம் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். மேசையில் என் ஆர்டர், அதன் மேல் மூடி கழற்றிய பேனா.

“மெட்ராஸ்காரரு மத்தியானம் போன் பண்ணுறாரு” என்றார் கரஸ்பாண்டண்ட். “மாநிலப் போட்டியையும் நம்மகிட்டயே குடுக்கலாம்னு நெனைக்கிறாரு. ஆனா கதவு பூட்டியிருந்துச்சான்னு ஒரு சந்தேகம் அவருக்கு. பொறுப்பா இருந்த நீ சொன்னா நம்புவாரு. கதவு தெறந்துதான் இருந்துச்சு, பொம்பளையாளுக இழுக்கத் தெரியாமத் தள்ளிட்டாகன்னு சொல்லு. பாதி உண்மைதானம்மா அது?”

“பாதி உண்மைதான் சார்.”

“அம்புட்டுத்தான். ஆர்டர்ல இப்பவே கையெழுத்துப் போட்டுர்றேன். அம்மாவுக்கும் நாளைலருந்து வேன் நிக்கும். வேலுகிட்டச் சொல்லிட்டேன். மாநிலப் போட்டிக்கு நீதான் தலைமை. எம்புட்டு வேன் வேணும்னு மட்டும் சொல்லு.”

ஞானசுந்தரி மேடம் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சரியென்று சொல், சொல், என்று. அவருக்கு என் மேல் பாசம்தான்.

நான் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அந்த ஆர்டர் மேல் வைத்தேன். பேனா உருண்டு கீழே விழுந்தது.

“ஒண்ணு கேட்டுக்கிடலாமா சார்?”

“கேளும்மா.”

“நீங்க எந்தக் கதவு வழியாப் போனீங்க?”

அவர் முகம் மாறவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கால் மட்டும் மேசைக்கடியில் செருப்பைத் தேடிப் பிடித்தது. நான் எழுந்தேன்.

“யோசிச்சுப் பேசும்மா. படிச்ச புள்ள நீ.”

“பஸ்ஸுக்கு நேரமாச்சு சார்.”

மேடம் என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் விட்டார். நான் வாசலைத் தாண்டியிருந்தேன். பின்னாலிருந்து கரஸ்பாண்டண்டின் குரல், அப்போதும் கோபமில்லாமல், பழக்கத்தில் வந்தது.

“கதவைச் சாத்திட்டுப் போம்மா. ஏசி போயிரும்.”

நான் திரும்பவில்லை. தாழ்வாரத்தின் கடைசியில் கேட் தெரிந்தது. அதற்கு வெளியே, கட்டுப் போட்ட கையை உயர்த்தி அம்மா விருதுநகர் பஸ்ஸை நிறுத்திக்கொண்டிருந்தாள். நடையை எட்டிப் போட்டேன்.